பெண் கைதிகளுக்கு இன்று இருக்கும் உரிமைகள் யார் கேட்டு வந்தவை?

"சிறையில் பெண்களை எப்படி நடத்துகிறார்கள்? அவர்களுக்கென்று தனி உரிமை ஏதாவது உண்டா? அதற்காக யாராவது போராடியிருக்கிறார்களா, இல்லை எல்லாம் காகிதத்தோடு சரியா?" என்று கேட்டிருக்கிறீர்கள். சட்ட உதவி வழக்குகளுக்காகப் பெண்கள் சிறைக்குப் போய்வருகிறவள் நான், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். நம் நாட்டை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

சிறையில் ஒரு பெண் இருக்கிறாள் என்றதும் ஏதோ குற்றம் செய்து தண்டனை அனுபவிக்கிறாள் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கைப் பாருங்கள். 2022 டிசம்பர் முடிவில் இந்தியச் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர், அதில் பெண்கள் 23,772. இந்தப் பெண்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பேர் விசாரணைக் கைதிகள். அதாவது குற்றவாளி என்று எந்த நீதிமன்றமும் இன்னும் சொல்லாதவர்கள். வழக்கு நடக்கிறது, வாய்தா மேல் வாய்தா போகிறது, ஜாமீன் கிடைக்கவில்லை, அல்லது கிடைத்தும் ஜாமீன் கொடுக்க ஆள் இல்லை, அதனால் உள்ளே இருக்கிறார்கள்.

மொத்தக் கைதிகளில் பெண்கள் வெறும் நாலு சதவீதம் என்பது கேட்க நல்ல செய்தி மாதிரி இருக்கும். சிறைக்குள் அந்தக் குறைந்த எண்ணிக்கையே அவர்களுக்குப் பெரிய தொல்லை. நாடு முழுக்கப் பெண்களுக்கென்று தனியாக இருந்த சிறைகள் அந்தக் கணக்குப்படி 34தான். மற்ற இடங்களில் ஆண்கள் சிறைக்குள்ளேயே ஒரு மூலையில் மதில் எழுப்பி "பெண்கள் பிரிவு" என்று வைத்திருப்பார்கள், பெரும்பாலான பெண்கள் இருப்பது அங்கேதான். மருத்துவர், நூலகம், தொழிற்கூடம், விளையாடுகிற இடம் எல்லாம் ஆண்கள் பக்கம் இருக்கும். இந்தப் பக்கத்துப் பெண் அங்கே போக முடியாது, அவளுக்காக அது இங்கே வரவும் செய்யாது. தமிழ்நாடு இந்த விஷயத்தில் பரவாயில்லை. புழல், வேலூர், திருச்சி, கோவை, மதுரை என்று பெண்களுக்கான தனிச்சிறைகள் உண்டு. புழலில் 2023இல் பெண் கைதிகளே நடத்தும் பெட்ரோல் பங்க் கூடத் திறந்தார்கள், அது நல்ல காரியம்தான். ஆனால் தனிச்சிறை சில ஊர்களில் மட்டும் இருப்பதால் வேறு மாவட்டத்துப் பெண்ணை வீட்டிலிருந்து நூறு, நூற்றைம்பது கிலோமீட்டர் தள்ளிக் கொண்டுபோய் வைக்க வேண்டியிருக்கிறது. கூலி வேலை செய்கிற குடும்பம் ஒரு நாள் சம்பளத்தை விட்டு, பஸ் காசு செலவழித்து, மனு போட்டுப் பார்க்க எத்தனை தடவை வரும்? (கைதியைப் பார்க்க வருவதை இங்கே 'மனு' என்றுதான் சொல்வார்கள், "இந்த வாரம் மனு வந்துச்சா?" என்று.)

ஆண்கள் சிறை வாசலில் மனு நாளன்று போய் நின்று பாருங்கள், மனைவி, அம்மா, அக்கா, கைக்குழந்தை என்று பெண்கள் கூட்டம்தான். பெண்கள் சிறை வாசலில் அந்தக் கூட்டம் இருக்காது. உள்ளே போன ஆணுக்காகக் குடும்பமே வக்கீல் வீட்டுக்கும் கோர்ட்டுக்கும் அலையும். உள்ளே போன பெண்ணை அந்தக் குடும்பம் பல நேரம் மானம் போய்விட்டதென்று கைகழுவிவிடும். கணவன் சம்பந்தப்பட்ட வழக்கு என்றால் இரண்டு பக்கத்துச் சொந்தமும் போயிற்று. நான் வக்காலத்தில் கையெழுத்து வாங்கப் போகும்போது அவர்கள் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் வழக்கைப் பற்றியதாக இருக்காது. "என் பிள்ளை யார்கிட்ட இருக்குன்னு விசாரிச்சுச் சொல்றீங்களா மேடம்?" என்பார்கள்.

பெண் கைதிகளைப் பற்றிப் பேச இதைத்தான் அடித்தளமாக வைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் எண்ணம். அவர்களுக்கு வெளியே ஆள் இல்லை, அதனால் உள்ளே நடப்பது வெளியே வருவதில்லை. இன்று சட்டத்தில் இருக்கிற ஒவ்வொரு பாதுகாப்பும், உள்ளே நடந்ததை யாரோ ஒருவர் வெளியே எடுத்து வந்ததால் கிடைத்தது. அரசாங்கம் தானாக நினைத்துப் பார்த்துக் கொடுத்தது மிகக் குறைவு.

1979இல் பிகார். விசாரணைக் கைதிகள் வருடக்கணக்கில் அடைபட்டுக் கிடப்பதைப் பற்றி ஓய்வுபெற்ற காவல்துறை அதிகாரி கே.எஃப். ருஸ்தம்ஜி இந்தியன் எக்ஸ்பிரஸில் எழுதினார். அதைப் படித்த வழக்கறிஞர் கபிலா ஹிங்கோரானி உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். ஹுஸைனாரா காத்தூன் வழக்கு என்று சட்ட மாணவர்கள் எல்லோரும் படிப்பது இதைத்தான், விரைவான விசாரணை அடிப்படை உரிமை என்று நிலைநாட்டிய வழக்கு. ஆனால் அதில் பாடப் புத்தகங்கள் தாண்டிப் போய்விடுகிற ஒரு பகுதி உண்டு. அந்தச் சிறைகளில் இருந்த சில பெண்கள்மேல் எந்தக் குற்றச்சாட்டும் இல்லை. அவர்கள் சாட்சிகள், அல்லது குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்கள். வழக்கு முடியும்வரை "பாதுகாப்புக் காவல்" என்ற பெயரில் சிறையில் வைத்திருந்தார்கள். தனக்கு நடந்த கொடுமைக்குச் சாட்சி சொல்ல வேண்டியவளைச் சிறையில் போட்டிருந்தார்கள்! உச்ச நீதிமன்றம் அதைக் கடுமையாகக் கண்டித்து, அவர்களை விடுவித்து நல இல்லங்களில் சேர்க்கச் சொன்னது.

அடுத்தது ஷீலா பர்ஸே. இந்தப் பெயரை நீங்கள் மறக்கவே கூடாது. அவர் ஒரு பத்திரிகையாளர். 1982 மே மாதம் அனுமதி வாங்கிக்கொண்டு பம்பாய் மத்தியச் சிறையில் 15 பெண் கைதிகளிடம் பேசினார். அதில் ஐந்து பேர், போலீஸ் லாக்கப்பில் தங்களை அடித்தார்கள் என்று சொன்னார்கள், இரண்டு பேர் சித்திரவதையே செய்ததாகச் சொன்னார்கள். ஷீலா இதைக் கட்டுரையாக எழுதியதோடு நிற்காமல் உச்ச நீதிமன்றத்துக்குக் கடிதம் எழுதினார். நீதிமன்றம் அந்தக் கடிதத்தையே மனுவாக எடுத்துக்கொண்டு, நிர்மலா நிகேதன் சமூகப் பணிக் கல்லூரியின் இயக்குநரை நேரில் போய் விசாரித்து அறிக்கை தரச் சொன்னது. அறிக்கையில் அடி உதையோடு இன்னொன்றும் வெளிவந்தது. இரண்டு வெளிநாட்டுப் பெண் கைதிகளின் உடைமைகளிலும் நகைகளிலும் பாதியை ஒரு வக்கீல் ஃபீஸ் என்று சொல்லி எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். உள்ளே இருக்கிறவளுக்கு வெளியே ஆள் இல்லையென்றால் அவள் பக்கம் நிற்க வேண்டியவனே அவளைச் சுரண்டுவான். இன்றைக்கும் சிறு அளவில் இது நடக்கிறது, என் தொழிலில் இருக்கிறவர்கள் இதைச் சொல்லத் தயங்கக் கூடாது.

1983 பிப்ரவரி 15 அன்று நீதிபதி பி.என். பகவதி கொடுத்த தீர்ப்பு, இன்று நாம் இயல்பாக எடுத்துக்கொள்கிற பல விஷயங்களின் ஆரம்பம். பெண்களை ஆண்கள் இருக்கும் லாக்கப்பில் வைக்கக் கூடாது, பெண் காவலர் காவலில்தான் வைக்க வேண்டும். பெண் போலீஸ் உடன் இருக்கும்போதுதான் விசாரிக்க வேண்டும். கைது செய்ததும் சொந்தக்காரருக்கோ நண்பருக்கோ சொல்ல வேண்டும், சட்ட உதவிக் குழுவுக்கும் சொல்ல வேண்டும். மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தும்போது, உன்னை அடித்தார்களா என்று அவர் கேட்க வேண்டும். நகர செஷன்ஸ் நீதிபதி, முடிந்தால் பெண் நீதிபதி, சொல்லாமல் கொள்ளாமல் லாக்கப்புக்குப் போய்ப் பார்க்க வேண்டும். இந்தக் கடைசி உத்தரவுதான் என் பார்வையில் எல்லாவற்றிலும் பெரியது. மற்றதெல்லாம் நடக்கிறதா என்று தெரிய ஒரே வழி யாராவது திடீரென்று உள்ளே போய் நிற்பது.

அப்புறம் நடந்ததையும் சொல்ல வேண்டும். ஷீலா பர்ஸேக்குக் கொடுத்த அனுமதியைச் சிறை நிர்வாகம் பிறகு ரத்து செய்துவிட்டது. அதை எதிர்த்து அவர் போட்ட வழக்கில் 1987இல், பத்திரிகையாளர் கைதிகளைச் சந்திக்கலாம், ஆனால் கைதி சம்மதிக்க வேண்டும், நிர்வாகத்தின் கட்டுப்பாடுகளுக்கும் உட்பட வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. கதவைத் திறந்துவிட்டுச் சாவியை நிர்வாகத்திடமே கொடுத்த மாதிரி. இன்றுவரை சிறைச் செய்தி எழுதுகிறவர்கள் இதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். ஷீலா விடவில்லை. சிறைகளில் இருந்த குழந்தைகளுக்காக ஒரு வழக்கு, குற்றமே செய்யாத மனநோயாளிகளை மேற்கு வங்கச் சிறைகளில் அடைத்து வைத்திருந்ததற்கு எதிராக ஒரு வழக்கு என்று போய்க்கொண்டே இருந்தார். பின்னதில், அப்படி அடைப்பது சட்டவிரோதம் என்று 1993இல் தீர்ப்பு வாங்கினார். அந்த மனநோயாளிகளில் பெண்களும் இருந்தார்கள், குடும்பமே வேண்டாமென்று விட்டுவிட்டவர்கள்.

நம் ஊரில் நடக்கவில்லையா என்றால், வாச்சாத்தியை நினைத்துக்கொள்ளுங்கள். 1992 ஜூன் 20, தருமபுரி மாவட்டம், அரூர் பக்கத்து மலையடிவாரக் கிராமம். சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் சேர்ந்து ஊருக்குள் புகுந்தார்கள். 18 பெண்களை வல்லுறவு செய்தார்கள். எல்லோருக்கும் அந்தப் பகுதி தெரியும். அதற்கடுத்து என்ன நடந்தது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. அந்தப் பெண்களையும் சேர்த்து ஊர்க்காரர்கள் மேலேயே சந்தனக் கடத்தல் வழக்கு போட்டுச் சேலம் சிறைக்கு அனுப்பினார்கள். 90 பெண்கள், 28 குழந்தைகள், 15 ஆண்கள். பாதிக்கப்பட்டவள் கைதியாக உள்ளே, செய்தவன் சீருடையோடு வெளியே. மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சியும் கையில் எடுத்து, நீதிமன்றத்துக்குப் போய், சி.பி.ஐ. விசாரணை வந்து, 2011 செப்டம்பர் 29இல்தான் தருமபுரி நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் அதற்குள் இறந்துபோயிருந்தார்கள், மீதி 215 பேரும் குற்றவாளிகள் என்றது. 2023 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. முப்பத்தொரு வருடம். இந்த வழக்கில் கடைசிவரை நின்றது அந்தப் பெண்கள்தான். கோர்ட்டுக்கு வந்து, ஆளை அடையாளம் காட்டி, குறுக்கு விசாரணையைத் தாங்கி நின்றார்கள். போராளி என்ற சொல்லுக்கு நான் முதலில் நினைப்பது அவர்களைத்தான்.

சரி, உள்ளிருந்தே போராடியவர்கள் உண்டா என்றும் பார்ப்போம். உண்டு, நிறைய. சுதந்திரப் போராட்ட காலத்திலேயே ஆரம்பிக்கலாம். கடலூர் அஞ்சலை அம்மாள் 1927இல் சென்னையில் ஆங்கிலேய ராணுவத் தளபதி நீலின் சிலையை அகற்றச் சொல்லி நடந்த போராட்டத்தில் மகளையும் கூட்டிக்கொண்டு சிறைக்குப் போனவர். பிறகொரு முறை வேலூர் சிறையில் இருந்தபோது கர்ப்பிணி. பிரசவத்துக்காக வெளியே விட்டார்கள், பிள்ளை பெற்றார், கைக்குழந்தையோடு திரும்பச் சிறைக்கே வந்தார். அந்தப் பிள்ளைக்குப் பெயர் ஜெயில்வீரன். 1938 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் டாக்டர் தருமாம்பாள், மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் போன்றவர்களோடு போன பெண்களில் சிலரும் குழந்தைகளோடுதான் உள்ளே போனார்கள். ஆனால் அவர்களை வெளியே ஊரே கொண்டாடியது, மாலையோடு வரவேற்க ஆள் இருந்தார்கள். அதே சிறையில் அதே காலத்தில் திருட்டு வழக்கிலோ சாராய வழக்கிலோ கிடந்த பெண்களைப் பற்றி யார் எழுதி வைத்தார்கள்? சிறையில் பெண்களின் போராட்டம் என்று பேசும்போது அரசியல் கைதிகளின் பெயர்தான் நமக்குக் கிடைக்கிறது. எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் என்பது அதற்கு ஒரு காரணம்.

அந்த அரசியல் கைதிகளிலேயே பக்கத்தில் இருந்த சாதாரணக் கைதியைத் திரும்பிப் பார்த்தவர்கள்மேல் எனக்குத் தனி மரியாதை. ஸ்நேகலதா ரெட்டி நாடகக்காரர், நடிகை, சென்னையில் மெட்ராஸ் பிளேயர்ஸ் நாடகக் குழுவை ஆரம்பித்தவர்களில் ஒருவர். நெருக்கடி நிலையின்போது 1976 மே மாதம் கைது செய்து பெங்களூர் மத்தியச் சிறையில் போட்டார்கள். கடுமையான ஆஸ்துமா நோயாளி, சரியான சிகிச்சை கிடைக்கவில்லை. அந்த நிலையிலும் மற்றப் பெண் கைதிகளை அடிப்பதை எதிர்த்தும் நல்ல சாப்பாடு கேட்டும் சண்டை போட்டார், இதெல்லாம் அவர் சிறையில் எழுதிய நாட்குறிப்பில் இருக்கிறது. உடம்பு முழுக்கக் கெட்ட பிறகு 1977 ஜனவரி 15இல் பரோலில் விட்டார்கள். ஜனவரி 20இல் இறந்துபோனார். சட்டீஸ்கர் தொழிற்சங்க வழக்கறிஞர் சுதா பரத்வாஜ் 2018இல் கைதாகி புணே எரவாடா சிறையிலும் பிறகு மும்பை பைகுல்லா பெண்கள் சிறையிலுமாக மூன்று வருடத்துக்கு மேல் இருந்தார். அங்கே உடனிருந்த பெண்களுக்கு ஜாமீன் மனுவும் விண்ணப்பமும் எழுதிக் கொடுப்பதை ஒரு வேலையாகவே செய்தார். சிறைக்குள் ஒரு நல்ல மனு எழுதத் தெரிந்தவர் இருப்பதற்கு என்ன மதிப்பு என்று சட்ட உதவி வேலையில் இருக்கிறவர்களுக்குத்தான் தெரியும். உத்தரவு ஆங்கிலத்தில் வரும், கைதிக்கு அதில் என்ன இருக்கிறதென்றே தெரியாது, வக்கீல் அடுத்த வாய்தா வரை வரமாட்டார். பக்கத்துப் பாயில் இருப்பவர் படித்துச் சொன்னால்தான் உண்டு.

அரசியல் கைதிகளாக இல்லாதவர்களும் எழுந்து நின்றிருக்கிறார்கள். 2017 ஜூன் 23, அதே பைகுல்லா சிறை. மஞ்சுளா ஷெட்யே தண்டனைக் கைதி. நன்னடத்தைக்காகக் கைதிகளிலேயே வார்டராக, அதாவது மற்றக் கைதிகளைக் கவனித்துக்கொள்கிறவராக நியமிக்கப்பட்டவர். காலையில் வந்த உணவில் இரண்டு முட்டையும் ஐந்து பாவ் ரொட்டியும் குறைகிறது என்று அவர் கேட்டதில் ஆரம்பித்தது தகராறு என்று செய்திகள் சொல்லின. சிறை அலுவலர்கள் அடித்தார்கள் என்பது குற்றச்சாட்டு, அன்றே இறந்துபோனார். மறுநாள் இருநூறுக்கும் மேற்பட்ட பெண் கைதிகள் கிளர்ந்தார்கள். மொட்டை மாடிக்கு ஏறிப் போய்க் கத்தினார்கள், கையில் கிடைத்ததைக் கொளுத்தினார்கள், தொலைக்காட்சிக் கேமராக்கள் வந்தன. அப்படி அவர்கள் செய்யாமல் இருந்திருந்தால் "உடல்நலக் குறைவால் கைதி மரணம்" என்று இரண்டு வரிச் செய்தியோடு முடிந்திருக்கும் என்றுதான் நான் நம்புகிறேன். ஆறு சிறை அலுவலர்கள் கொலை வழக்கில் கைதானார்கள். கிளர்ந்த பெண்கள் மேலும் கலவர வழக்கு பதிவானது. கண்ணால் பார்த்த சாட்சிகள், அதே சிறையில், அதே துறையின் காவலில் இருந்துகொண்டு சாட்சி சொல்ல வேண்டும். இந்த நிலையில் எத்தனை பேர் வாய் திறப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

குழந்தைகள் விஷயத்துக்கு வருகிறேன். 2022 முடிவில் 1,537 பெண்கள் தங்களோடு 1,764 குழந்தைகளை வைத்திருந்தார்கள். இதில் வழிகாட்டி 2006 ஏப்ரல் 13இல் வந்த, உச்ச நீதிமன்றத்தின் ஆர்.டி. உபாத்யாய் வழக்குத் தீர்ப்பு. குழந்தையைக் கைதியாக நடத்தக் கூடாது. ஆறு வயதுவரை அம்மாவோடு இருக்கலாம். கர்ப்பிணிக் கைதிக்கு முடிந்தவரை வெளி மருத்துவமனையில் பிரசவம் பார்க்க வேண்டும். உள்ளே பிறந்துவிட்டால் பிறப்புச் சான்றிதழில் பிறந்த இடம் 'சிறை' என்று எழுதக் கூடாது, அந்தப் பகுதியின் முகவரிதான் இருக்க வேண்டும். குழந்தைக்குத் தனி உணவு, பால், தடுப்பூசி, காப்பகம், பாலர் பள்ளி, அதுவும் முடிந்தால் சிறை மதிலுக்கு வெளியே. குழந்தையோடு இருக்கும் தாய்மார்களின் வழக்கை நீதிமன்றங்கள் முன்னுரிமை கொடுத்து விசாரிக்க வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறது, இதுதான் அதிகம் மறக்கப்படும் வரி. விசாரணைக் கைதியான ஒரு தாயின் குழந்தை, வழக்கு இழுத்துக்கொண்டே போவதால் ஐந்து வருடம் உள்ளேயே வளர்ந்துவிட்டது என்றால், அந்தக் குழந்தைக்கு இந்தத் தீர்ப்பில் இருக்கும் மற்றதெல்லாம் கிடைத்தாலும் என்ன பயன்?

ஆறு வயதுக்கு அப்புறம்? உறவினரிடம் கொடுக்க வேண்டும், யாரும் இல்லையென்றால் இல்லத்தில் சேர்க்க வேண்டும், அம்மாவைச் சந்திக்க வாரம் ஒரு முறையாவது கூட்டி வர வேண்டும். அந்தப் பிரிவு நடக்கிற நாளில் பிளாக் முழுக்க அழும் என்று வார்டர்களே (சிறைக் காவலர்கள்) சொல்வார்கள். வார்டர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன், அவர்களில் பலர் தன் வீட்டிலிருந்து குழந்தைகளுக்குச் சட்டையும் பொம்மையும் கொண்டு வருகிறவர்கள். ஆள் பற்றாக்குறையில் இரட்டை ஷிஃப்ட் பார்க்கிறவர்கள். ஒரு கர்ப்பிணியை மருத்துவமனைக்குக் கூட்டிப்போக வழிக்காவல் கிடைக்காமல் ஸ்கேன் தேதி தள்ளிப் போவதை அவர்களும் கையைப் பிசைந்துகொண்டுதான் பார்க்கிறார்கள்.

2024 பிப்ரவரியில் மேற்கு வங்கத்தில் பெண் கைதிகள் காவலில் இருக்கும்போதே கர்ப்பமாகிறார்கள், 196 குழந்தைகள் என்று கல்கத்தா உயர் நீதிமன்றத்தில் ஒரு அறிக்கை வந்து நாடே அதிர்ந்தது. நீங்களும் கேள்விப்பட்டிருப்பீர்கள். உச்ச நீதிமன்றம் விசாரித்தபோது, நான்கு ஆண்டுகளில் அங்கே சிறையில் 62 குழந்தைகள் பிறந்திருக்கிறார்கள், அந்தப் பெண்களில் பெரும்பாலோர் உள்ளே வரும்போதே கர்ப்பமாக இருந்தவர்கள், சிலர் பரோலில் போய்விட்டு வந்தவர்கள் என்று நீதிமன்றத்துக்கு உதவிய வழக்கறிஞர் சொன்னார். ஆக, அந்த முதல் செய்தியை இன்னும் பகிர்ந்துகொண்டிருப்பவர்கள் இந்த இரண்டாவது பகுதியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆனால் கர்ப்பமாக இருக்கிறாள் என்று தெரிந்தே இத்தனை பெண்களைச் சிறைக்கு அனுப்ப வேண்டியிருந்ததா என்று நாம் கேட்காமல் விட்டுவிட்டோம். எவ்வளவு பெரிய குற்றச்சாட்டாக இருந்தாலும் பெண் என்ற காரணத்துக்காக ஜாமீன் பரிசீலிக்கலாம் என்று பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 437ஆம் பிரிவிலும் இருந்தது, இப்போதைய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 480ஆம் பிரிவிலும் இருக்கிறது. கேட்டால் கிடைக்கக்கூடியது. கேட்க வக்கீல் வேண்டும்.

வக்கீல் வைக்கக் காசில்லை என்பது காரணமாகவே இருக்கக் கூடாது. 1987ஆம் வருடச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12ஆம் பிரிவுப்படி பெண்ணுக்கும், காவலில் இருக்கும் யாருக்கும், வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச வழக்கறிஞர் உண்டு. ஒரு பெண் கைதி இரண்டு வகையிலும் தகுதியானவள். சிக்கல் பெரும்பாலும் ஜாமீன் கிடைத்த பிறகுதான் வருகிறது. இரண்டு ஜாமீன்தாரர், அதுவும் உள்ளூர்க்காரர், சொத்துக் காகிதத்தோடு வர வேண்டும் என்று உத்தரவு போட்டால், குடும்பம் கைவிட்ட பெண்ணுக்கு யார் வருவார்கள்? ஜாமீன் உத்தரவு கையில் இருந்தும் மாதக்கணக்கில் உள்ளே இருக்கிறவர்களை நான் தொடர்ந்து பார்க்கிறேன். 2023 ஜனவரி 31இல் உச்ச நீதிமன்றம் இதற்காகவே சில உத்தரவுகள் போட்டது. ஜாமீன் உத்தரவை மின்னஞ்சலில் சிறைக்கு அனுப்ப வேண்டும், ஏழு நாளில் வெளியே வராவிட்டால் சிறைக் கண்காணிப்பாளர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குச் சொல்ல வேண்டும், ஒரு மாதம் ஆகியும் ஜாமீன்தாரர் கிடைக்காவிட்டால் நீதிமன்றமே நிபந்தனையைத் தளர்த்தலாமா என்று பார்க்க வேண்டும். அதே வருடம் மத்திய அரசு ஏழைக் கைதிகளுக்கான உதவித் திட்டம் கொண்டுவந்தது, அப்போது அறிவித்தபடி விசாரணைக் கைதிக்கு ஜாமீன் தொகைக்கு 40,000 ரூபாய் வரை, தண்டனைக் கைதிக்கு அபராதம் கட்ட 25,000 ரூபாய் வரை. மேலே சொன்ன பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 479ஆம் பிரிவு, முதல் முறை குற்றம் சாட்டப்பட்டவர் அந்தக் குற்றத்துக்கான அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு காலம் உள்ளே இருந்துவிட்டால் ஜாமீனில் விடச் சொல்கிறது. மரண தண்டனை, ஆயுள் தண்டனைக்குரிய குற்றங்களுக்கும், வேறு வழக்கும் நிலுவையில் இருப்பவர்களுக்கும் இது பொருந்தாது. இதற்கு விண்ணப்பம் போட வேண்டியது சிறைக் கண்காணிப்பாளரின் கடமை என்றே அந்தப் பிரிவில் இருக்கிறது.

ஆகவே காகிதத்தோடு சரியா என்ற உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான்: காகிதத்தில் இருப்பது குறைவில்லை. 1987இல் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் தலைமையிலான குழு பெண் கைதிகளுக்காகவே அறிக்கை கொடுத்தது, ஐ.நா.வில் 2010இல் பெண் கைதிகளை நடத்துவதற்கான பாங்காக் விதிகள் வந்தன, 2016இல் மத்திய அரசின் மாதிரிச் சிறைக் கையேடு வந்தது. நாப்கின் முதல் பிரசவம் வரை எல்லாம் எழுதியாயிற்று. அதை நடக்கவைக்க உள்ளே போய்ப் பார்க்கிற ஆளும், பார்த்ததைச் சொல்கிற ஆளும் குறைவு.

சமீபத்திய சான்று சுகன்யா சாந்தா. இவரும் பத்திரிகையாளர். கைதியின் சாதியைப் பார்த்துச் சிறையில் வேலை பிரிக்கிறார்கள், இன்னாருக்குச் சமையல், இன்னாருக்குக் கக்கூஸ் கழுவுவது என்று பல மாநிலக் கையேடுகளிலேயே அச்சிட்டு வைத்திருக்கிறார்கள் என்று 2020இல் எழுதினார். பிறகு தானே உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். 2024 அக்டோபர் 3இல் அந்த விதிகளை எல்லாம் நீதிமன்றம் ரத்து செய்தது, சிறைப் பதிவேடுகளில் சாதிப் பத்தியையே நீக்கச் சொன்னது. 1894ஆம் வருடச் சிறைச் சட்ட காலத்திலிருந்து தொடர்ந்து வந்த வழக்கம். எத்தனை அதிகாரிகள், எத்தனை குழுக்கள் அந்தக் கையேடுகளைப் புரட்டியிருப்பார்கள்!

கடைசியாக, நீங்கள் என்ன செய்யலாம் என்று கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். உங்களுக்குத் தெரிந்த பெண் யாராவது உள்ளே இருந்தால், கோபம் இருந்தாலும் மனு போட்டுப் போய்ப் பாருங்கள். வெளியே ஆள் இருக்கிறது என்று தெரிந்த கைதியைச் சிறை வேறு மாதிரி நடத்தும், இது நான் திரும்பத் திரும்பப் பார்த்தது. வக்கீல் இல்லையென்றால் 15100 என்ற இலவச எண்ணுக்குப் பேசுங்கள், தேசியச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் எண் அது. ஜாமீன் கிடைத்தும் வெளியே வராதவர் என்றால் குற்ற எண், நீதிமன்றத்தின் பெயர், ஜாமீன் உத்தரவு தேதி மூன்றையும் ஒரு தாளில் எழுதி மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்தில் கொடுத்து, ஒப்புகை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் அந்தப் பெண்ணுக்குச் சொந்தமாக இருக்க வேண்டும் என்று அவசியமில்லை, பக்கத்து வீட்டுக்காரர் என்றாலும் வாங்கிக்கொள்வார்கள்.